பாத்திரம் கழுவுவது போலத்தானா, டாக்டர்?

சங்கரன்கோவிலில் மருத்துவமனை நடத்தும் மூத்த மருத்துவர் ஒருவரின் வாதத்துக்கு இது பதில். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது அவர் ஒருவருடைய கருத்தாகச் சுருங்கிவிடும். ராஜபாளையம், புளியங்குடி, கோவில்பட்டி என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க இதையே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்டோஸ்கோபி அறையில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்குத் தொற்றுத் தடுப்பில் தனிப் பயிற்சி கட்டாயம் வேண்டும் என்ற பேச்சு எழுந்ததுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. குழாய் கழுவுவது பாத்திரம் கழுவுகிற மாதிரி வேலை, அதற்கொரு படிப்பா, சான்றிதழா என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் காரணங்களையும் அடுக்கினார். நல்ல மருந்தில் ஊறப்போட்டால் எந்தக் கிருமியும் சாகும். மெஷின் வாங்கிவிட்டால் ஆள் கையே படவேண்டாம். பதினெட்டு லட்சம் எண்டோஸ்கோபிக்கு ஒருவருக்குத்தான் தொற்று வருகிறது. இந்தப் பக்கம் இதுவரை ஒரு கேஸ்கூட வந்ததில்லை. அமெரிக்காவில் முறைப்படி கழுவியும் ஆட்கள் செத்தார்கள், அப்புறம் பயிற்சியால் என்ன பயன்? பயிற்சி கொடுத்த பிள்ளைகள் சவூதிக்குப் போய்விடுகிறார்கள். கடைசியாக ஏழைகள் மேல் கருணை: இப்படியெல்லாம் விதி போட்டால் சின்ன ஊர்களில் எண்டோஸ்கோபியே நின்றுபோகும், ஜனங்கள் திருநெல்வேலிக்கு அலைய வேண்டியதுதான்.

நான் எண்டோஸ்கோபி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த நோயாளியின் சீட்டை எடுக்கும் நேரத்தில்தான் எங்கள் வேலை ஆரம்பிக்கும். அவர் சொல்லும் பாத்திரம் எப்படிப்பட்டது என்று அவருக்கு யாராவது விளக்கியாக வேண்டும். அவரிடம் வேலை பார்க்கும் சிஸ்டர்கள் விளக்க முடியாது. மாதச் சம்பளம் அவர் கையில் இருக்கிறது.

வயிற்றைப் பார்க்கும் ஸ்கோப் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். குடலைப் பார்ப்பது அதைவிட நீளம். அதற்குள் ஓடும் பெரிய சானலின் விட்டம் பொதுவாக 2.8 மில்லிமீட்டர். சதைத் துணுக்கு எடுக்கும் ஃபோர்செப்ஸ் அதற்குள்தான் போய்வருகிறது. சளி, பித்தம், ரத்தம் எல்லாம் அதன் வழியாகத்தான் உறிஞ்சப்படுகின்றன. காற்றும் தண்ணீரும் போகும் சானல்கள் இன்னும் சன்னம். பெரும்பாலான ஸ்கோப்புகளில் அவற்றுக்குள் பிரஷ் நுழையாது, அழுத்திப் பீய்ச்சித்தான் கழுவ முடியும். பாத்திரத்தில் பிசுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியும். இதற்குள் எந்தக் கண்ணும் போகாது, எந்த விரலும் போகாது. பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்கலாம். ஸ்கோப்பின் பசையும் லென்சும் கேமராவும் ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்காது. அறுவைக் கத்தியைச் சரியாகக் கழுவாமல் விட்டால்கூட ஆட்டோகிளேவ் ஓரளவு காப்பாற்றும். ஸ்கோப்புக்கு அந்தக் காப்பு கிடையாது.

ஒரு நோயாளியின் உடலிலிருந்து வெளியே வரும் ஸ்கோப்பில் பத்துக் கோடி முதல் ஆயிரம் கோடிவரை கிருமிகள் இருக்கலாம். அதைக் குறைப்பதில் பாதிக்கு மேற்பட்ட வேலையை மருந்து செய்வதில்லை, கை செய்கிறது. குழாயை வெளியே எடுத்த அந்த நிமிடமே, நோயாளி இன்னும் இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கும்போதே, வெளிப்புறத்தைச் சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதே கரைசலைச் சானல் வழியாக உறிஞ்ச வேண்டும். காற்று, தண்ணீர்ச் சானல்களைப் பீய்ச்ச வேண்டும். அப்புறம் ஓட்டை இருக்கிறதா என்று லீக் டெஸ்ட். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அழுக்கு உள்ளே போய்த் தங்கும், அதை எந்த மருந்தாலும் எட்ட முடியாது. பிறகு வால்வுகளைக் கழற்றி, என்சைம் கரைசலில் முழுக்கி, ஒவ்வொரு திறப்பு வழியாகவும் சரியான அளவு பிரஷை விட்டு மறுமுனையில் வெளியே வரும்வரை தள்ள வேண்டும். வந்த பிரஷின் நுனியைக் கழுவிவிட்டு மறுபடி விட வேண்டும். பிரஷ் சுத்தமாக வரும்வரை இதுதான் வேலை. இத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கவில்லை என்றால் அழுக்கு காய்ந்து, உள்சுவரில் கிருமிகள் படலம் கட்ட ஆரம்பிக்கும். ஒருமுறை படலம் கட்டிவிட்டால் அதைப் பெயர்த்தெடுப்பது பெரும்பாடு.

டாக்டர் நம்பியிருக்கும் மருந்துக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் எல்லோரும் சைடெக்ஸ் என்று சொல்கிற குளுட்டரால்டிஹைடு. ஆய்வகங்களில் திசுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு முன்னால், புரதங்கள் கலையாமல் அப்படியே இறுகி நிற்பதற்காக ஊற்றுவதும் இதைத்தான். அப்படியானால் ரத்தமும் சளியும் ஒட்டிய ஸ்கோப்பைச் சரியாகத் தேய்க்காமல் இதில் போட்டால் என்ன ஆகும்? அழுக்கு போகாது, இறுகும். அதன் அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். இது மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த பாடம்தான், டாக்டருக்கு மறந்துபோயிருக்கிறது. இன்னொன்று, ஈர ஸ்கோப்பை ஒவ்வொரு முறை முக்கும்போதும் தொட்டியில் இருக்கும் மருந்து கொஞ்சம் நீர்த்துப்போகிறது. வீரியம் இருக்கிறதா என்று அதற்கென்று உள்ள ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்க்காமல் தெரியாது. டப்பாவில் 14 நாள் என்று போட்டிருப்பது அதிகபட்ச வரம்பு. நம்மவர்கள் அதை 14 நாள் உத்தரவாதம் என்று படிக்கிறார்கள். நாலே நாளில் வீரியம் இழந்த தொட்டியில் பத்து நாள் முக்கி எடுப்பது கிருமிநீக்கம் அல்ல, குளிப்பாட்டல்.

(அந்தத் தொட்டியின் ஆவி சிஸ்டர்களின் மூச்சுக்குழாயை என்ன செய்யும் என்பது தனிக் கதை. குளுட்டரால்டிஹைடு ஆஸ்துமாவைக் கொண்டுவரும், தோலை வெடிக்க வைக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத, கக்கூஸை ஒட்டிய ஒரு மூலையில் மூடியில்லாத தொட்டியோடு காலத்தைத் தள்ளிய பெண்கள் எத்தனையோ பேர். பயிற்சி என்று கேட்பதில் அவர்களுடைய நுரையீரலும் அடக்கம்.)

மெஷின் வாங்கிவிட்டால் போதும் என்பது அடுத்த வாதம். மெஷின் நல்லதுதான், இருக்கிறவர்கள் பயன்படுத்தட்டும். மெஷின் வந்தாலும் லீக் டெஸ்டும் பிரஷ் போடுவதும் கையால்தான். ஒவ்வொரு மாடல் ஸ்கோப்புக்கும் தனிக் கனெக்டர் உண்டு. தவறான கனெக்டரை மாட்டினால் ஏதோ ஒரு சானலுக்கு மருந்தே போகாது, மெஷின் மட்டும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 2010-இல் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளரின் குழு ஐந்து மருத்துவமனைகளில் அருகிலேயே நின்று கவனித்தது. முழுக்கக் கையால் கழுவப்பட்ட ஸ்கோப்புகளில் எல்லாப் படிகளும் முடிக்கப்பட்டவை வெறும் 1.4 சதவீதம். மெஷின் சேர்ந்தபோது 75.4 சதவீதம். பார்த்தீர்களா, மெஷின்தான் மருந்து என்று டாக்டர் துள்ளலாம். துள்ளுவதற்கு முன்னால் இரண்டைக் கேட்டுக்கொள்ளட்டும். மெஷின் இருந்தும் நாலில் ஒன்று தவறியது ஏன்? அவருடைய மருத்துவமனையில் மெஷின் எங்கே? இல்லாத மெஷினைக் காட்டி இருக்கிற சிஸ்டருக்குப் பயிற்சி வேண்டாம் என்பது என்ன நியாயம்?

2009-இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலிருந்து பத்தாயிரம் பேருக்கு மேல் கடிதம் அனுப்பி, ரத்தப் பரிசோதனைக்கு வரச்சொன்னார்கள். ஓர் இடத்தில் ஸ்கோப்பின் தண்ணீர்க் குழாயில் மாற்றி மாட்டப்பட்ட ஒரு வால்வு. இன்னோர் இடத்தில் கிருமிநீக்கம் செய்யவேண்டிய குழாயை வெறுமனே அலசியிருந்தார்கள். கருவிகளுக்கோ மருந்துக்கோ அங்கே பஞ்சமில்லை. இந்தத் துண்டு எங்கே போகும், அதை என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கைகளுக்கு யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தப் பதினெட்டு லட்சத்தில் ஒன்று. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. 1993-இல் வந்த மதிப்பீடு அது. அச்சில் வெளியான தொற்றுகளை மேலே போட்டு, நடந்திருக்கக்கூடிய எண்டோஸ்கோபிகளைக் கீழே போட்டு வகுத்த கணக்கு. யாரும் கவனிக்காத தொற்றும் யாரும் எழுதாத தொற்றும் அந்தக் கணக்கில் பூஜ்யம். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். வெளிநோயாளியாக வந்து எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் ஏழு நாளுக்குள் தொற்றோடு மருத்துவமனைக்குத் திரும்பினார்கள் என்று எண்ணினார்கள். வாய்வழி எண்டோஸ்கோபிக்கு ஆயிரத்துக்கு மூன்று பேர். இதில் எல்லாமே குழாயால் வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் பதினெட்டு லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பார்த்த பிறகும் பழைய எண்ணைக் கட்டிக்கொண்டு அழுபவருக்கு அறிவியலோடு என்ன உறவு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இந்தப் பக்கம் ஒரு கேஸ்கூட வந்ததில்லை என்கிறாரே, வந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? விசைத்தறியில் நிற்கும் ஒருவர் வயிற்றெரிச்சல் என்று வருகிறார். டியூப் விட்டுப் பார்க்கிறார்கள். அல்சர் இல்லை என்று மாத்திரை எழுதி அனுப்புகிறார்கள். முந்தைய நோயாளியின் ஹெலிகோபாக்டர் பைலோரி குழாய் வழியாக இவர் வயிற்றுக்குப் போயிருந்தால், சில வாரம் கழித்து எரிச்சல் அதிகமாகும். காரத்தைக் குறையுங்கள் என்று மறுபடி மாத்திரை. நெதர்லாந்தின் டிட்காட் என்ற நிபுணர் 1995-இல் ஒரு மதிப்பீடு செய்தார். எண்டோஸ்கோபிக்கு வருகிறவர்களில் அறுபது சதவீதம் பேர் வயிற்றில் இந்தக் கிருமி இருந்தால், ஆயிரத்துக்கு நாலு பேருக்குக் குழாய் வழியாகப் பரவலாம் என்றார். ஹெப்படைட்டிஸ் சி தொற்றினால் பலருக்கு வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் இருக்காது. கல்லீரல் சுருங்கிய பிறகு, எப்போதோ ஒரு காலை வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பிரான்சில் ஒரு தம்பதிக்கு ஞாபகம் இருந்தது. கணவனும் மனைவியும் ஒரே நாளில் குடல் எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்கள். இருவருக்கும் ஹெப்படைட்டிஸ் சி வந்தது. தேடிப்போனால், அதே ஸ்கோப்பில் அவர்களுக்கு முன்னால் பார்க்கப்பட்டவர் அந்த வைரஸ் உள்ளவர். மூவர் உடலிலும் இருந்த வைரஸின் மரபணு ஒத்துப்போனது. 1997-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது அந்த அறிக்கை. சானலுக்குள் பிரஷ் போடவில்லை, உடன் போகும் கருவிகளை ஆட்டோகிளேவ் செய்யவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட குறை. டாக்டரின் பாஷையில் சொன்னால், பாத்திரம் சரியாகக் கழுவப்படவில்லை.

அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், யாருக்கு எந்த ஸ்கோப், எந்த வரிசையில் என்று அங்கே எழுதி வைத்திருந்ததுதான். சங்கரன்கோவிலில் எத்தனை இடத்தில் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது? நோயாளி பெயர், ஸ்கோப் எண், கழுவியவர் கையெழுத்து, தொட்டியில் இறக்கிய நேரம், எடுத்த நேரம். இவ்வளவுதான். கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண்ணை நம்பிக்கையோடு வாங்கிப் பூசிக்கொள்கிற ஊர் இது. கோயிலுக்கு நம்பிக்கை போதும். ஆஸ்பத்திரிக்குப் பதிவேடு வேண்டும். பதிவேடே இல்லாமல் கேஸ் இல்லை என்பது, கணக்கே எழுதாத கடைக்காரர் எனக்கு நஷ்டமே இல்லை என்று மார்தட்டுவது.

இந்தியாவில் நடக்காது என்றும் யாரும் ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டாம். லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுகலை மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள், பித்தநாள எண்டோஸ்கோபிக்குப் பிறகு தங்கள் நோயாளிகளிடையே சூடோமோனாஸ் தொற்று பரவியதை 2005-இல் இந்திய இரைப்பைக் குடலியல் இதழில் தாங்களே எழுதினார்கள். அதை எழுத நேர்மை வேண்டும். நம் வாணியம்பாடியில் நடந்ததையும் கேட்டிருப்பீர்கள். 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே வட மாவட்டங்களில் மூளையைத் தாக்கிய மெலியாய்டோசிஸ் என்ற நோய் 21 பேருக்கு வந்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குப் போனவர்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சிஎம்சியும் சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் சேர்ந்து ஆராய்ந்து 2025-இல் வெளியிட்ட அறிக்கை கைகாட்டியது ஒரு சலைன் பாட்டிலை. சுத்தம் செய்யாத கருவியால் அதைத் திறந்து, லேசாக மூடி வைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எண்டோஸ்கோபி வண்டியிலும் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்குகிறது. அதில் கிருமிநீக்கிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், பாட்டிலைத் தினமும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். டாக்டர் தன் பாட்டிலைக் கடைசியாக எப்போது கவனித்தார்? அவருக்குத் தெரியாது என்பது என் ஊகம். தெரியவேண்டியவர் சிஸ்டர், அவருக்கோ யாரும் சொல்லவில்லை.

அமெரிக்க உதாரணத்தில்தான் டாக்டர் கொஞ்சம் வலுவாக நிற்கிறார், அதை ஒப்புக்கொள்கிறேன். 2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், யுசிஎல்ஏ மருத்துவமனையில் 179 பேருக்கு ஆபத்து நேர்ந்திருக்கலாம் என்று அறிவித்தார்கள். ஏழு பேருக்குக் கடைசிக் கட்ட ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காத கிருமி தொற்றியது, இருவர் இறந்தார்கள். தயாரிப்பாளர் சொன்ன முறைப்படியே கழுவினோம் என்றது மருத்துவமனை. உண்மைதான். ஆனால் அது நம் ஊரில் வயிற்றுக்குள் விடும் சாதாரணக் குழாய் அல்ல. பித்தநாளத்துக்குப் போகும் டியூடினோஸ்கோப், அதன் நுனியில் கருவியை உயர்த்திக்கொடுக்கும் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. பிரஷ் நுழையமுடியாத இடுக்கு அதன் பின்னால்தான் இருந்தது. வடிவமைப்பிலேயே கோளாறு. 2012-க்கும் 2015-க்கும் இடையே உலகில் குறைந்தது 25 சம்பவங்களில், 250 பேருக்காவது இப்படித் தொற்றியது என்று அமெரிக்க செனட்டின் விசாரணை 2016-இல் சொன்னது. உரிய புகார் அறிக்கைகளைத் தாக்கல் செய்யாததற்காக ஒலிம்பஸ் நிறுவனத்தின் மீது 2018-இல் 8.5 கோடி டாலர் விழுந்தது. இதிலிருந்து அமெரிக்கர்கள் எடுத்த முடிவு என்ன? கழட்டி எறியக்கூடிய நுனியுள்ள ஸ்கோப்புகளுக்கு மாறச் சொன்னார்கள், கழுவிய ஸ்கோப்பை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார்கள், கழுவுகிறவர்களின் பயிற்சியை இறுக்கினார்கள். நம் டாக்டர் எடுத்த முடிவு: ஆகவே பயிற்சி வேண்டாம். ஒழுங்காகக் கழுவியே இப்படி என்றால், ஒழுங்காகக் கழுவாத இடத்தில் என்ன நடக்கும் என்ற கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

அதே அமெரிக்காவில் அவர் சொல்லாமல் விட்ட கதை ஒன்று இருக்கிறது. லாஸ் வேகஸ், 2008. ஓர் எண்டோஸ்கோபி மையத்தில் ஹெப்படைட்டிஸ் சி பரவியது. குழாய் அல்ல, மயக்க மருந்துக் குப்பி. நோயாளிக்குப் போட்ட சிரிஞ்சை மறுபடி குப்பிக்குள் விட்டு, மீதி மருந்தை அடுத்தவருக்கும் பயன்படுத்தினார்கள். முதலில் சுமார் நாற்பதாயிரம் பேரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருந்தது, எண்ணிக்கை பிறகு இன்னும் ஏறியது. மையத்தை நடத்திய தீபக் தேசாய் இந்தியாவில் பிறந்தவர். 2013-இல் கொலைக் குற்றம் உட்பட அவர்மேல் நிரூபணமாகி ஆயுள் தண்டனை கிடைத்தது. செலவைக் குறைக்கும் வெறியே காரணம் என்றது அரசுத் தரப்பு. தொற்றுத் தடுப்புப் பயிற்சி குழாயோடு முடிவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். குப்பி, சிரிஞ்ச், கையுறை, ஃபோர்செப்ஸ், துடைக்கும் துணி எல்லாமே அதில் வரும்.

பிள்ளைகள் சவூதிக்குப் போகிறார்களாம். போகத்தான் செய்வார்கள். மூன்று வருட டிப்ளமோவோ நாலு வருடப் பட்டமோ படித்து, கடன் அடைக்க முடியாத சம்பளத்தில் நிற்கிற பெண் வேறென்ன செய்வாள்? 2015-இல் அரசே செவிலியர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் எடுத்தது. தனியாரில் என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை, இதைப் படிக்கிற சிஸ்டர்கள் சிரிப்பார்கள். போகாமல் இருக்க வழி சம்பளத்தில் இருக்கிறது. அறியாமையில் வைத்திருந்தால் நிலைப்பார்கள் என்ற எண்ணம் கொத்தடிமைக் கணக்கு. பல இடங்களில் கழுவுகிறவர் சிஸ்டரே இல்லை என்பது இன்னும் மோசம். ஓராண்டுப் பயிற்சி என்ற பெயரில் சேர்ந்த பிள்ளையோ, தியேட்டர் பையனோ, ஆயாவோ அந்தத் தொட்டியருகில் நிற்கிறார்கள். ஏதாவது விபரீதம் நடந்தால் மட்டும் அது சிஸ்டரின் கவனக்குறைவு. கற்றுக்கொடுக்கச் சொன்னால் அது வெட்டிச் செலவு.

ஏழைகளைப் பற்றிய அவருடைய கவலையை நான் உதறித்தள்ளவில்லை. ரத்த வாந்தியோடு ஒருவர் வந்தால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரம் உயிரைக் குடிக்கும். சின்ன ஊரில் எண்டோஸ்கோபி இருந்தே ஆகவேண்டும். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குளுட்டரால்டிஹைடில் ஊறுவது மட்டும் 20 நிமிடம். அதற்கு முன்னால் துடைத்து, லீக் பார்த்து, பிரஷ் போட்டு, அலச ஒரு கால் மணி. பின்னால் அலசி, ஆல்கஹால் பீய்ச்சி, காற்றால் உலர்த்த இன்னும் பத்து நிமிடம். ஓபிஏ என்ற விலை கூடிய மருந்து வாங்கினால் ஊறும் நேரம் குறையும், கழுவும் நேரம் குறையாது. ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே முக்கால் மணி என்று வையுங்கள். காலை எட்டு முதல் பன்னிரண்டுவரை ஒரு ஸ்கோப்பால் நாலு பேர், மிஞ்சினால் ஐந்து பேர். அப்படியானால் இலவச முகாம் என்று நோட்டீஸ் அடித்து, ஒரே ஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஒரு காலையில் இருபது பேரைப் பார்க்கிறவர்கள் எந்தப் படியை விழுங்குகிறார்கள்? ஏழைக்குச் சலுகையாகக் கிடைப்பது முந்தைய ஏழையின் கிருமியா?

ஸ்கோப் வைக்கும் பெட்டியும் நினைவுக்கு வருகிறது. வாரம் ஒருநாள் பெரிய ஊரிலிருந்து வருகிற நிபுணர், காரின் டிக்கியில் ஸ்கோப்பைப் பெட்டியோடு கொண்டுவருவதுண்டு. அந்தப் பெட்டி ஸ்கோப்பை வாங்கும்போதும் ரிப்பேருக்கு அனுப்பும்போதும் வைக்க உண்டானது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைக் கிருமிநீக்கம் செய்யவே முடியாது. ஈரம் சொட்டும் ஸ்கோப்பை அதில் சுருட்டி, நம் சித்திரை வெயிலில் டிக்கிக்குள் வைத்தால் சூடோமோனாஸுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. நன்றாக உலர்த்தி, அலமாரியில் நேராகத் தொங்கவிட வேண்டிய பொருள் அது. பயிற்சி பெற்ற சிஸ்டர் ஒருத்தி இருந்தால் பெட்டியைத் திறந்ததுமே சொல்லியிருப்பாள்: இதை மறுபடி கழுவாமல் போடமுடியாது, டாக்டர்.

விஷயமே இதுதான். செலவு, சவூதி, ஏழை எல்லாம் சாக்கு. ஒரு பிரஷும் ஒரு ஸ்ட்ரிப் டப்பாவும் ஒரு நோட்டும் எந்த மருத்துவமனையையும் மூடிவிடாது. உறுத்துவது வேறு. கற்ற செவிலியர் இன்னும் தயாராகவில்லை என்று சொல்வார். வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது சொல்வார். மருந்து வீரியம் போய்விட்டது, புதுசு ஊற்ற வேண்டும் என்பார். அப்போது டாக்டர் காத்திருக்க வேண்டும். தன் அறையில், தன்னிடம் சம்பளம் வாங்குகிறவள் சொல்லித் தான் காத்திருப்பதா என்பதுதான் அந்தக் கோபத்தின் அடிவேர்.

நாங்கள் கேட்கும் பயிற்சி, நட்சத்திர ஓட்டலில் ஒரு நாள் ஸ்லைடு காட்டி, பஃப்ஸும் காபியும் கொடுத்து, மாலையில் சான்றிதழோடு போட்டோ எடுப்பதல்ல. அந்தக் கூத்தை எதிர்த்து டாக்டர் எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். தன் மருத்துவமனையின் ஸ்கோப்பைத் தானே கழற்றி, கழுவி, மாட்டி, தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். சேரும்போது ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை, புது மாடல் வாங்கும்போதெல்லாம் ஒருமுறை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்வதும் இதையேதான். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் எண்டோஸ்கோபிப் பிரிவில் சுற்றுவட்டாரச் சிஸ்டர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பழக்க முடியும். தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்த 1997-இல் போட்ட சட்டமும் அதற்கு 2018-இல் வந்த விதிகளும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. உரிமத்தைப் புதுப்பிக்கும்போது படுக்கையையும் கழிவுப் பையையும் எண்ணுகிற அதிகாரிகள், எண்டோஸ்கோபி இருக்கும் இடத்தில் அந்தப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டட்டும்.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ரத்த வாந்தி, கருப்பு மலம் என்று அவசரமாகப் போகிறவர்களுக்கு இது இல்லை, அவர்கள் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மற்றவர்கள் படுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே எத்தனை ஸ்கோப் இருக்கிறது? இன்று காலை எனக்கு முன்னால் எத்தனை பேருக்குப் பார்த்தீர்கள்? கழுவுகிறவர் யார், அவர் எங்கே பழகினார்? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். சிஸ்டரிடம் அதட்டலாகவும் கேட்க வேண்டாம், பாவம், அவர் கையில் எதுவும் இல்லை. டாக்டரிடமே கேளுங்கள். பதிலுக்குப் பதிலாக முறைப்பு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெறும் வயிற்றோடுதானே போயிருக்கிறீர்கள், வழியில் ஒரு காபி குடித்துவிட்டு வேறு இடம் பாருங்கள்.